எஸ்டீம் இன்ஜினுக்கு ஸ்பீடுயினோ: முதல் ஸ்டார்ட்டிலிருந்து முழு த்ராட்டில் வரை

மாருதி எஸ்டீமின் ஜி13பிபி இன்ஜின் 1,298 சிசி, நான்கு சிலிண்டர், 16 வால்வு, ஒற்றை கேம். கம்பெனிக் கணக்கில் 85 குதிரைத்திறன். ஹெட் போர்ட்டிங், கேம், 4-2-1 எக்ஸாஸ்ட் என்று கை வைத்துவிட்டால் கம்பெனி இசியுவில் (பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) இருக்கும் டேபிள் இதற்குப் பொருந்தாது. அதைத் திறந்து மாற்றவும் எளிய வழி இல்லை. தனி இசியு போடுவதுதான் தீர்வு. ஆர்டுயினோ மெகா 2560 மேல் உட்காரும் ஸ்பீடுயினோ போர்டை இங்கே எடுத்துக்கொள்கிறோம். லேப்டாப்பில் ஓடும் டியூனர்ஸ்டுடியோ ட்யூனிங் மென்பொருளோடு பேசும் என்பதால், இதே போன்ற இன்னொரு தனி இசியுவான மெகாஸ்குவர்ட் வைத்திருப்பவர்களுக்கும் முக்கால்வாசி அப்படியே பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தியது. இது செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேயிலோ இருங்காட்டுக்கோட்டையிலோ ஓடும் டிராக் வண்டிக்கான வழிமுறை, தினசரி ஆபீஸ் போகிற வண்டிக்கு அல்ல.

லேப்டாப்பைத் திறப்பதற்கு முன்

கம்ப்ரஷன் பாருங்கள். நான்கு சிலிண்டருக்கும் இடையே சதுர செ.மீ.க்கு 1 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ட்யூனிங்கை நிறுத்திவிட்டு இன்ஜினைக் கவனியுங்கள். டேபிளில் எந்த எண்ணைப் போட்டாலும் கசியும் வால்வு அடைபடாது. இன்டேக் கேஸ்கெட்டில் காற்றுக் கசிவு இருக்கக் கூடாது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கசிவும் அதே அளவு கெடுதல்: வைட்பேண்ட் சென்சாருக்கு (எக்ஸாஸ்ட் ஆக்சிஜனை வைத்துக் கலவையை அளப்பது) முன்னால் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, ஐட்லிங்கில் மீட்டர் பொய்யாக லீன் (பெட்ரோல் குறைவு) காட்டும். அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போவீர்கள், பிளக் கறுத்துப் போகும்.

தெர்மோஸ்டாட் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு" என்று கழற்றி எறிந்த வண்டிகள் ஏராளம். தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் கொஞ்சம் வேகமாக ஓடினாலே கூலன்ட் 60, 65 டிகிரியில் நின்றுவிடும். இசியுவோ இன்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து வார்ம்-அப் பெட்ரோலைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். அந்த நிலையில் நீங்கள் திருத்தும் ஒவ்வொரு விஇ எண்ணும் (சிலிண்டர் எத்தனை சதவீதம் காற்றால் நிரம்புகிறது என்பது) தப்பு. புது தெர்மோஸ்டாட் போட்டுவிட்டு மேலே போங்கள்.

கிராங்க் சிக்னல்

தனி இசியு போட்ட வண்டிகளில் "சும்மா சும்மா மிஸ் அடிக்குது" என்று வருபவற்றில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் கெட்டிருக்கும். அதனால் இதில் நேரம் செலவழியுங்கள்.

கிராங்க் எந்த நிலையில் இருக்கிறது என்று இசியுவுக்குச் சொல்ல, கிராங்க் புல்லியில் 36-1 டிரிகர் வீல் போடுங்கள்: 10 டிகிரிக்கு ஒரு பல், ஒரு பல் இல்லாத இடைவெளி. சாதாரண மைல்ட் ஸ்டீலில் வெட்டச் சொல்லுங்கள். காந்தம் ஒட்டாத ஸ்டெயின்லெஸ் பார்க்க அழகாக இருக்கும், சிக்னல் வராது. லேத்தில் வைத்து ஓட்டம் பாருங்கள், 0.2 மி.மீ.க்கு மேல் ஆடக் கூடாது. புல்லியில் ரப்பர் வளையம் இருந்தால் வெளி வளையத்தில் வெல்டு வைக்காதீர்கள். ரப்பர் வழுக்கினால் டைமிங்கும் கூடவே நகரும். சென்சாருக்கும் பல்லுக்கும் 0.8 முதல் 1 மி.மீ. இடைவெளி போதும். பிராக்கெட் தடிமனாக, பிளாக்கோடு இறுக்கமாக இருக்க வேண்டும். 2 மி.மீ. தகட்டில் செய்த பிராக்கெட் 5,000 ஆர்பிஎம்மில் அதிரும், சின்க் போகும் (இசியு கிராங்கின் நிலையைத் தவறவிடும்).

விஆர் (காந்தமும் சுருளும் கொண்ட) சென்சார் என்றால் மேக்ஸ்9926 போன்ற கண்டிஷனர் சிப் வழியாகத்தான் போர்டுக்குள் போக வேண்டும். இரண்டு வயர்களையும் மாற்றிக் கொடுத்தாலும் இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிடும், ஆனால் ஆர்பிஎம் ஏற ஏற டைமிங் நகரும். டைமிங் லைட்டில் 1,000-இல் சரியாகவும் 4,000-இல் பல டிகிரி தள்ளியும் காட்டினால் முதலில் இந்த வயர்களை மாற்றிப் பாருங்கள். ஹால் சென்சாருக்கு இந்தத் தொல்லை இல்லை. புதிதாகச் செய்பவர்கள் ஹால் வாங்குவதே நல்லது.

ஒன்றாம் சிலிண்டரின் டிடிசியைக் (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம்) கண்ணால் மதிப்பிடாதீர்கள். பிளக் ஓட்டையில் பிஸ்டன் ஸ்டாப்பர் போட்டு, கையால் இரு பக்கமும் முட்டும் வரை சுற்றி, இரண்டு இடத்திலும் புல்லியில் கோடு போடுங்கள். நடுப்புள்ளிதான் டிடிசி. பிறகு ஸ்டாப்பரை எடுத்துவிட்டு, இன்ஜின் ஓடும் திசையிலேயே சுற்றி, இடைவெளிக்குப் பிறகு வரும் முதல் பல் சென்சாருக்கு நேராக வரும்போது டிடிசியைத் தாண்டி எத்தனை டிகிரி என்று பாருங்கள். அந்த எண்தான் டிரிகர் ஆங்கிள்.

இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றி, காயில் ஃபியூஸை எடுத்துவிட்டு கிராங்க் செய்யுங்கள். 180 முதல் 250 ஆர்பிஎம் வரை ஏதோ ஒரு எண் குதிக்காமல் நிற்க வேண்டும். சின்க் லாஸ் கவுன்ட்டர் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். ஒன்றே ஒன்று ஏறினாலும் காரணம் கண்டுபிடித்த பிறகே அடுத்த படி.

சென்சார்கள், எர்த்

எல்லா சென்சார் எர்த்தும் இசியுவின் சென்சார் எர்த் பின்னுக்கே போக வேண்டும், பாடிக்கு அல்ல. இசியுவின் பவர் எர்த் இன்ஜின் பிளாக்கில், ஒரே போல்ட்டில். கூலன்ட் சென்சாரைப் பாடியில் எர்த் கொடுத்தால் ரேடியேட்டர் ஃபேன் ஓடும்போதெல்லாம் கூலன்ட் வெப்பம் சில டிகிரி குதிக்கும். ஸ்பார்க் பிளக்கும் பிளக் வயரும் ரெசிஸ்டர் வகையாக இருக்கட்டும், இல்லையென்றால் ஸ்பார்க் இரைச்சலில் போர்டே ரீசெட் ஆகும்.

வெப்ப சென்சார்களுக்கு இணையத்தில் கிடைத்த ஏதோ டேபிளைப் போடாதீர்கள். சென்சாரை ஐஸ் தண்ணீரில், அறை வெப்பத்துத் தண்ணீரில், கொதிக்கும் தண்ணீரில் வைத்து மூன்று இடத்திலும் ஓம் அளந்து, அந்த மூன்று ஜோடியை டியூனர்ஸ்டுடியோவில் கொடுங்கள். பயஸ் ரெசிஸ்டர் 2,490 ஓம்.

சாவியைப் போட்டு, இன்ஜின் ஓடாமல், மேப் சென்சாரை (இன்டேக் மேனிஃபோல்ட் அழுத்தத்தை அளப்பது) பாருங்கள். சென்னையில் 100, 101 கிலோபாஸ்கல் வர வேண்டும், கோயம்புத்தூரில் 96, 97. ஊட்டிக்கு எடுத்துப் போனால் 77 பக்கம் இறங்கும். கோயம்புத்தூரில் நின்றுகொண்டு 101 காட்டினால் காலிபரேஷன் தப்பு. மேப் ஹோஸை த்ராட்டிலுக்குப் பின்னால் பிளீனத்திலிருந்து தனியாக எடுங்கள். பிரேக் பூஸ்டர் ஹோஸில் டி போட்டு எடுத்தால் பிரேக் மிதிக்கும் ஒவ்வொரு முறையும் பெட்ரோல் கணக்கு ஆடும்.

காற்று வெப்ப சென்சாரின் இடம் நம் ஊரில் தனி விஷயம். அலுமினிய மேனிஃபோல்ட்டில் திருகிவிட்டால், பிட்டில் பத்து நிமிடம் நின்ற பிறகு சென்சார் 65 டிகிரி காட்டும். உள்ளே போகும் காற்று உண்மையில் 40 டிகிரிதான். இசியு காற்றின் அடர்த்தியைக் கெல்வின் கணக்கில் போடுவதால் 313-ஐ 338-ஆல் வகுத்து, சுமார் 7 சதவீதம் பெட்ரோலைக் குறைத்துவிடும். டிராக்கில் இறங்கிய முதல் லேப் முழுக்க லீன். சென்சாரை ஏர்ஃபில்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே, பிளாஸ்டிக் அல்லது ரப்பர் குழாயில், முனை திறந்த வகையாகப் போடுங்கள். அப்படியும் கொஞ்சம் சூடேறும். மிச்சத்தை ஐஏடி (காற்று வெப்ப) டென்சிட்டி வளைவில் 50 டிகிரிக்கு மேல் குறைப்பின் வேகத்தைத் தணித்துச் சரிசெய்யலாம்.

வைட்பேண்டுக்கு பாஷ் எல்எஸ்யூ 4.9 சென்சார். எக்ஸாஸ்ட் போர்ட்டிலிருந்து 60 செ.மீ. பக்கம், நான்கு குழாயும் சேர்ந்த இடத்துக்குப் பின்னால், படுக்கைக் கோட்டிலிருந்து குறைந்தது 10 டிகிரி மேலே பார்த்தபடி. தலைகீழாகப் போட்டால் தண்ணீர் தேங்கி சென்சார் வெடித்துப்போகும். ஹீட்டர் ஓடாமல் எக்ஸாஸ்ட்டில் சென்சாரைச் சும்மா விட்டு வண்டி ஓட்டினாலும் கெட்டுவிடும். கன்ட்ரோலரின் அனலாக் வோல்ட்டும் டியூனர்ஸ்டுடியோவின் கணக்கும் பொருந்துகிறதா என்று மீட்டர் எண்ணையும் திரை எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இன்னோவேட் கன்ட்ரோலர்களின் ஃபேக்டரி செட்டிங்கில் காற்று-எரிபொருள் விகிதம் 0 வோல்ட்டுக்கு 7.35, 5 வோல்ட்டுக்கு 22.39. 0.3 வித்தியாசம் இருந்தால் பெரும்பாலும் எர்த் பிரச்சினைதான்.

ஈ20-க்குக் கணக்கு

காற்று-எரிபொருள் சரிவிகிதம் 14.7 என்று பழைய கையேடுகளில் எல்லாம் எழுதியிருக்கும். அது எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு. இப்போது நம் பெட்ரோல் பங்க்குகளில் வரும் ஈ20-க்கு (20 சதவீதம் எத்தனால் கலந்தது) சரிவிகிதம் சுமார் 13.5. அதாவது அதே காற்றுக்கு 8, 9 சதவீதம் கூடுதல் எரிபொருள். வைட்பேண்ட் மீட்டருக்கு இது தெரியாது. அது அளப்பது லாம்ப்டாவை (சரிவிகிதம் என்றால் 1.0, பெட்ரோல் கூடி ரிச் ஆனால் அதற்குக் கீழே, லீன் ஆனால் மேலே), காட்டுவது பெட்ரோல் ஸ்கேலில். ஈ20 எரிந்தாலும் சரியான கலவையில் 14.7 என்றே காட்டும். இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க மீட்டரையும் டார்கெட் டேபிளையும் லாம்ப்டாவுக்கு மாற்றிவிடுங்கள்.

ரிக்வயர்டு ஃப்யூல் (முழுக்க நிரம்பிய சிலிண்டருக்கு இன்ஜெக்டர் திறந்திருக்க வேண்டிய நேரம், அதாவது பல்ஸ்) கணக்கு: 1,298 சிசி, 4 சிலிண்டர், நிமிடத்துக்கு 240 சிசி இன்ஜெக்டர், 13.5. ஏறத்தாழ 9.5 மில்லிசெகண்ட் வரும். (14.7 போட்டால் 8.7, 8.8.) முழு த்ராட்டிலில் விஇ 95, லாம்ப்டா 0.88 என்று வைத்தால் பல்ஸ் 10.3, திறக்கும் தாமதம் ஒரு மில்லிசெகண்ட், ஆக 11.3. 6,500 ஆர்பிஎம்மில் கிராங்கின் இரண்டு சுற்று சேர்ந்த ஒரு முழு சைக்கிள் 18.5 மில்லிசெகண்ட், டியூட்டி (அதில் இன்ஜெக்டர் திறந்திருக்கும் பங்கு) 61 சதவீதம். 85 சதவீதம் வரை போகலாம் என்பதால் இந்த இன்ஜினுக்கு 240 தாராளம். "எதுக்கும் இருக்கட்டும்" என்று 550 சிசி வாங்காதீர்கள். ஐட்லிங்கில் பல்ஸ் அவ்வளவு சிறிதாகி, திறக்கும் தாமதத்தின் சிறு பிழையே பெரிய பிழையாகும். ஸ்பீடுயினோ 0.4 போர்டுக்கு 12 ஓமுக்கு மேல் உள்ள ஹை-இம்பீடன்ஸ் இன்ஜெக்டர் வேண்டும்.

முதல் ஸ்டார்ட்

காயில்கள் வேஸ்டட் ஸ்பார்க்கில் (ஒரு காயில் இரண்டு சிலிண்டருக்கும் ஒரே நேரத்தில் ஸ்பார்க் தருவது): 1-4 ஒரு ஜோடி, 2-3 ஒரு ஜோடி. ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. ஸ்பார்க் அவுட்புட் போலாரிட்டியைத் தப்பாகக் கொடுத்தால் காயில் எப்போதும் சார்ஜ் ஆகிக்கொண்டே இருந்து சில நிமிடங்களில் உருகும். ஃபியூஸ் போட்டவுடன் காயிலில் கை வைத்துப் பாருங்கள். இன்ஜின் ஓடாமலே சூடேறினால் உடனே ஃபியூஸை எடுங்கள். டுவெல் (காயில் சார்ஜ் ஆகும் நேரம்) 3 மில்லிசெகண்டில் தொடங்கலாம்.

இக்னிஷனை ஃபிக்ஸ்டு 10 டிகிரியில் பூட்டிவிட்டு, இன்ஜெக்டர் இல்லாமல் கிராங்க் செய்து டைமிங் லைட்டால் பாருங்கள். டயல் வைத்த லைட்டுகள் வேஸ்டட் ஸ்பார்க்கின் கூடுதல் ஸ்பார்க்கை எண்ணி இரட்டிப்பாகக் காட்டும். டயலைப் பூஜ்யத்தில் வைத்து, புல்லியில் 10 டிகிரி கோடு போட்டு அதைப் பாருங்கள்.

இப்போது இன்ஜெக்டரை மாட்டுங்கள். விஇ டேபிளில் 35, 40 கிலோபாஸ்கல் வரிசைக்கு 45 முதல் 50, 100 கிலோபாஸ்கல் வரிசைக்கு 4,500, 5,500 ஆர்பிஎம் பக்கம் 85, அங்கிருந்து இரு பக்கமும் மெல்ல இறங்கும்படி நிரப்புங்கள். 30 டிகிரி கூலன்ட்டுக்குக் கிராங்கிங் சேர்ப்பு 130 முதல் 150 சதவீதம், வார்ம்-அப் 115, கூலன்ட் 75 தாண்டினால் சரியாக 100. பிடிக்கவில்லை, பிளக் ஈரம் என்றால் பெட்ரோல் அதிகம். ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துக் கிராங்க் செய்தால் ஃப்ளட் கிளியர் இன்ஜெக்டரை நிறுத்திவைக்கும். பிளக் காய்ந்திருந்தால் முதலில் ஃப்யூல் பிரஷரைப் பாருங்கள், அப்புறம் டேபிளை.

ஓடத் தொடங்கியதும் முதல் வேலை பெட்ரோல் அல்ல, மறுபடி டைமிங் லைட். ஐட்லிங்கிலும் 3,000-இலும் 10 டிகிரி கோடு அசையாமல் நிற்க வேண்டும். நின்ற பிறகே ஃபிக்ஸ்டு டைமிங்கை விடுவிக்க வேண்டும்.

விஇ டேபிள்

டைமிங்கைத் தொடுவதற்கு முன் பெட்ரோலை முடிக்க வேண்டும். லீனாக ஓடும் இன்ஜினில் அட்வான்ஸ் (ஸ்பார்க்கை முன்கூட்டியே அடிப்பது) ஏற்றிப் பார்ப்பதுதான் பிஸ்டனைப் பொத்தலாக்கும் குறுக்குவழி.

டார்கெட்: ஐட்லிங்கில் லாம்ப்டா 0.95 முதல் 1.0, லேசான லோடில் 1.0, 80 கிலோபாஸ்கலுக்கு மேல் 0.90, முழு த்ராட்டிலில் 0.87, 0.88. லாம்ப்டா கரெக்‌ஷன், ஆக்சிலரேஷன் சேர்ப்பு (முன்னது மீட்டரைப் பார்த்து இசியு தானே திருத்துவது, பின்னது மிதித்தவுடன் தரும் கூடுதல் பெட்ரோல்) இரண்டையும் அணைத்துவிடுங்கள். டைனோவில் (வண்டியை நிறுத்தி வைத்தே ஓட்டி டார்க்கை அளக்கும் மேடை) ஒரு ஆர்பிஎம்மில் பிடித்து, லோடை மாற்றி மாற்றி ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு, மூன்று விநாடி நில்லுங்கள். கணக்கு எளிது: பழைய விஇ பெருக்கல் அளந்த லாம்ப்டா, வகுத்தல் டார்கெட். விஇ 52, டார்கெட் 0.90, அளந்தது 0.96 என்றால் 55.5.

டியூனர்ஸ்டுடியோவின் ஆட்டோ ட்யூன் இதைத் தானே செய்யும். ஆனால் கூலன்ட் 75-க்கு மேல், த்ராட்டில் அசையாத நேரம் என்று ஃபில்டர் வைத்த பிறகே அதை நம்பலாம். அது முடித்ததும் 3டி வடிவத்தைப் பாருங்கள். பக்கத்துக் கட்டங்களுக்கு நடுவே திடீர்க் குன்றும் குழியும் இருந்தால் அது இன்ஜினின் குணமல்ல, லாகில் சேர்ந்த குப்பை. கையால் சமன்படுத்துங்கள்.

மீட்டர் ஏமாற்றும் இடங்கள் சில உண்டு. மிஸ்ஃபயர் ஆனால் எரியாத ஆக்சிஜன் வெளியே வந்து லீன் காட்டும், உண்மையில் ரிச் அதிகமாகியே மிஸ் அடித்திருக்கலாம். ஓவர்லேப் (இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் சேர்ந்து திறந்திருக்கும் நேரம்) பெரிய கேம் ஐட்லிங்கில் லீன் காட்டும். இப்படிப்பட்ட கேமில் மீட்டரை விட்டுவிட்டு, மேப் எண் எங்கே மிகக் குறைவாக, ஆட்டமில்லாமல் நிற்கிறதோ அந்தக் கலவையை வைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டருக்கு ஒன்றாகத் தனித் த்ராட்டில் பாடி போட்டவர்களுக்கு மேப் சிக்னலே பயன்படாது. அவர்கள் ஆல்ஃபா-என் முறைக்கு (த்ராட்டில் நிலையையும் ஆர்பிஎம்மையும் வைத்துக் கணக்கிடுவது) போக வேண்டும், அது வேறு கதை.

ஆக்சிலரேஷன் சேர்ப்பு விஇ முடிந்த பிறகு. சட்டென்று மிதித்தவுடன் லீன் ஊசி எழுந்தால் கூட்டுங்கள். முதலில் ரிச், பின் தயக்கம் என்றால் குறையுங்கள். கால் அசையாதபோதும் டிபிஎஸ் (த்ராட்டில் நிலை சென்சார்) வேகம் பூஜ்யத்தில் நிற்கவில்லை என்றால் வயரில் இரைச்சல். அதைச் சரிசெய்யாமல் சேர்ப்பு எண்ணைத் தொட வேண்டாம்.

இக்னிஷன்

டைனோ இல்லாமல் முழு லோடு டைமிங்கை ஏற்றாதீர்கள். டிராக்கில் பின் பக்கம் தள்ளும் உணர்வை வைத்து இரண்டு டிகிரி வித்தியாசத்தை யாராலும் சொல்ல முடியாது. டிடிசிக்கு முன் ஐட்லிங்கில் 12 முதல் 15 டிகிரி, லேசான லோடில் 32 முதல் 36. முழு த்ராட்டிலில் அதிக டார்க் வரும் இடத்தில் 20-இல் தொடங்கி ஒவ்வொரு டிகிரியாக ஏற்றுங்கள். டார்க் ஏறுவது நின்றதும் நிறுத்தி, அங்கிருந்து 2 டிகிரி குறையுங்கள். அதற்கு முன்பே நாக் (கலவை தானாக வெடித்து எழும் தட்டல் சத்தம்) கேட்டால் அந்த இடத்திலிருந்து 3 டிகிரி குறையுங்கள். காது மட்டும் போதாது. பிளாக்கில் போல்ட் செய்த செம்புக் குழாயிலிருந்து ஹோஸ் எடுத்து இயர்மஃப்பில் மாட்டினால் நாக் தெளிவாகக் கேட்கும். பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் கறுப்பு மிளகுப் பொட்டும் மினுங்கும் அலுமினியத் துகளும் தெரிந்தால் ஏற்கெனவே நாக் ஆகிவிட்டது.

எக்ஸ்பி100 போன்ற 100 ஆக்டேன் பெட்ரோலில் ட்யூன் செய்துவிட்டு சாதாரணப் பெட்ரோலில் ஓட்டுவது பிஸ்டனுக்குக் கேடு. ரேஸ் நாளில் எது கிடைக்குமோ அதில்தான் ட்யூன் செய்ய வேண்டும். இரண்டும் வேண்டுமென்றால் இரண்டு தனி ட்யூன் கோப்புகள், பெயரில் தேதியும் எரிபொருளும். காற்று வெப்பம் 45 டிகிரியைத் தாண்டினால் ஒவ்வொரு 5 டிகிரிக்கும் ஒரு டிகிரி டைமிங் குறையும்படி ஐஏடி ரிடார்டை வையுங்கள். மே மாத இருங்காட்டுக்கோட்டை மதியத்தில் அது தினமும் வேலை செய்யும்.

கடைசியாக, லாம்ப்டா கரெக்‌ஷனை ஐந்து சதவீத எல்லையோடு லேசான லோடில் மட்டும் திறந்துவிடுங்கள், முழு த்ராட்டிலில் அணைத்தே இருக்கட்டும். ஸ்டாக் வால்வு ஸ்பிரிங் இருக்கும் வரை ரெவ் லிமிட் 6,500. பெட்ரோல் பம்ப் ரிலேயை இசியு கட்டுப்படுத்துகிறதா, இன்ஜின் நின்றதும் பம்ப் நிற்கிறதா என்று சாவியைப் போட்டபடியே கிராங்க் சென்சார் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். நிற்கவில்லையென்றால் வண்டி டிராக்குக்குப் போகக் கூடாது.